தெரியாது என்று நீ சொன்ன மொழி

இளங்கோ,

நீ ஏறிய பஸ் இந்நேரம் திண்டிவனத்தைத் தாண்டியிருக்கும். உன் அப்பா உன்னை வழியனுப்பிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஏதோ பழைய ஃபுட்பால் ஆட்டம் ஓடுகிறது, சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். டியூஷன் பிள்ளைகளை இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து நான் இதை எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். இரண்டு வாரம் நீ வீட்டில் இருந்தாய். சொல்ல வேண்டியதைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருப்பாய், இல்லை போனில் இருப்பாய், இல்லை அப்பாவோடு ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாய். ரொம்ப நாளைக்குப் பிறகு உன் சிரிப்பைப் பார்த்ததால் அதைக் கெடுக்க மனம் வராமல் தள்ளிப்போட்டேன். அப்பாவைக் கேட்டால், "போற புள்ளகிட்ட இத இன்னாத்துக்கு சொல்ற? அவன் பாட்டுக்கு நிம்மதியா போவட்டும்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலையில் நீ புது கிளப்பின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழையும்போது அங்கே, உன்மேல் புகார் கொடுத்த யாகூபா இருப்பார். நீ யார் மகன், என்ன மொழி பேசி வளர்ந்தவன் என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால் போன மாதம் அவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். இதே ஹாலில், இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது தெரியாமல் நீ அந்தக் கதவைத் திறக்கக் கூடாது.

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மைதானத்தில் நின்றவன் நீ. டிவிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது எப்படி இருந்தது என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. அன்றைக்கு யாகூபாவின் அணியோடு ஆட்டம், முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உங்கள் பக்கத்துக்கு எதிராக ஒரு கார்னர். யாகூபா உனக்குப் பக்கத்தில் நின்றார். உயரமான ஆள், எம்பினால் பந்து அவர் தலைக்குத்தான் போகும் என்று அப்பா முன்கூட்டியே புலம்பிக்கொண்டிருந்தார். நீ கையை ஆட்டி எதையோ இரண்டு மூன்று முறை கத்தினாய். டிவியில் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது, உன் குரல் கேட்கவில்லை. பந்து வருவதற்கு முன்பே யாகூபா திரும்பி உன்னைப் பார்த்தார். அப்புறம் நடுவரிடம் போனார். நடுவர் தோளைக் குலுக்கினார். யாகூபா மைதானத்தை விட்டு வெளியே நடந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "காலு புடிச்சிக்கிச்சா இன்னா?" என்றார் அப்பா. அனுமதி இல்லாமல் வெளியே போனதற்காக நடுவர் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அன்றைக்கு அந்த விஷயத்தில் அட்டை வாங்கியது அவர் ஒருவர்தான்.

மறுநாள்தான் விஷயம் வெளியே வந்தது. நீ அவரைப் பிரெஞ்சு மொழியில் குரங்கு என்று சொன்னதாகப் புகார். பிரெஞ்சில் குரங்குக்கு 'சேன்ஜ்' என்று பெயர். நீ உடனே போன் பண்ணினாய். "ம்மா, நான் சேஞ்ச், சேஞ்ச்னுதாம்மா கத்துனேன். எங்காளுகிட்ட, ஆள மாத்திப் புடிடான்னு. எப்பவும் அப்படித்தான் சொல்லுவோம்." நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இரண்டு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிப்பார்த்தேன். இங்கிலீஷ்காரன் சொன்னால் இரண்டும் எட்டத்தில் நிற்கும். நம் வாயால் சொன்னால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. இத்தனை வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன், அன்றைக்குத்தான் அது என் காதில் பட்டது. உன்னை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்குள்ளே ஒரு சின்ன முள் இருந்தது, அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த வார்த்தை உனக்குப் புதிது இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, பீரோ மேலே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த காலத்தில் உன்னை நான் கூப்பிட்ட பெயரே அதுதான். மோன் பெத்தி சேன்ஜ். என் குட்டிக் குரங்கே. நீயும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாய்.

நம் வீட்டில் பிரெஞ்சு எப்படி இருந்தது என்று யோசித்துப்பார்க்கிறேன். இந்த ஊரில் சில குடும்பங்களுக்கு அது பரம்பரையாக வந்தது. நமக்கு அப்படி இல்லை. என் அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். கல்லூரியில் வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல்தான் நான் பிரெஞ்சு எடுத்தேன். அப்புறம் அதை விட முடியவில்லை. நீ பிறந்த பிறகு இந்த ஹாலில் டியூஷன் ஆரம்பித்தேன். பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தபடியே, பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு நீ பேச ஆரம்பித்தாய். அப்பாவுக்குப் புரியக் கூடாதது எல்லாம் நமக்குள் பிரெஞ்சில்தான் நடக்கும். ஐஸ்கிரீம் வாங்கியது, ஸ்கூலில் அடி வாங்கியது, கருவடிக்குப்பம் கிரவுண்டில் யாரோடோ சண்டை போட்டுச் சட்டை கிழிந்தது. "தோ, ஆரம்பிச்சிட்டாங்க ரெண்டு பேரும்" என்று அவர் எழுந்து போவார். நாம் சிரிப்போம். பதிமூன்று வயதில் பயிற்சி முகாம் விடுதிக்கு நீ போனபோது பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு நின்றுபோனது. அதனால் எந்தச் சான்றிதழிலும் அது இல்லை. ஆனால் போனில், பக்கத்தில் மற்ற பிள்ளைகள் இருந்தால், நீ பிரெஞ்சுக்கு மாறுவாய். அப்போதுதான் உன் மனசில் இருப்பது வரும்.

அப்படி ஒருநாள் நீ சொன்னதுதான் அந்தப் பட்டப்பெயர் விஷயம். நினைவிருக்கிறதா? வடக்கே அந்த விடுதியில் உன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'காலியா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், கறுப்பன் என்று அர்த்தமாம் என்றாய். நான் உடனே உன் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். "மேடம், அதெல்லாம் ஆசையா கூப்பிடறது. இங்க எல்லாருக்கும் ஒரு பேர் இருக்கு. உங்க பையன் கொஞ்சம் அதிகமா எடுத்துக்கறான்" என்றார். நீ என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் கூப்பிட்டுச் சொன்னாய், "போன் போட்டிருக்க வேணாம்மா. நான் சொன்னத நீ நம்புன. அதுவே போதும்." ஒருவன் தன் காதில் விழுந்ததைச் சொல்கிறான், கேட்கிறவர்கள் எல்லாம் நீ அதிகமாக எடுத்துக்கொள்கிறாய் என்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. இதை எழுதும்போது உன்னைக் குத்திக்காட்ட வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. அன்றைக்கு என்னிடம் அப்படிச் சொன்ன அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் சொல்கிறேன்.

புகார் வந்த வாரம் நான் எங்கே போனாலும் இதே பேச்சுதான். மார்க்கெட்டில் வழக்கமாக மீன் வாங்குகிற அக்கா தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "டீச்சரம்மா, உம் புள்ள எவனோ ஆப்பிரிக்காக்காரன கொரங்குன்னுட்டானாமே? வெளையாட்டுன்னா நாலு வார்த்த வரத்தான் வரும். அதுக்குப் போயி கேசு போடுவானுங்களா?" அவன் அப்படிச் சொல்லவே இல்லை அக்கா என்றேன். "ஆமா ஆமா, நீ அப்படித்தான் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டாள். நான் வேலை பார்க்கும் ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "இவனே கறுப்பு. ஒரு கறுப்பன் இன்னொரு கறுப்பன சொன்னா அது எப்படி மேடம் இனவெறி ஆவும்?" என்று கேட்டார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் உன் பக்கம்தான். ஆனால் ஒருவர்கூட நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன என்றுதான் கேட்டார்கள். அப்படிப்பட்ட ஆதரவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது எனக்கு எவ்வளவு கசந்தது தெரியுமா? உன்னைத் திட்டியவர்களிடம்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

விசாரணை முடிந்த அன்று நீ போன் பண்ணினாய். குரலில் களைப்பு இருந்தது, நிம்மதியும் இருந்தது.

"முடிஞ்சிதும்மா. கிளப் வக்கீல் சொன்ன மாதிரியே சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"எனக்குப் பிரெஞ்சே தெரியாதுன்னு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். "ம்மா, இருக்கியா?" என்றாய்.

"இருக்கேன்."

"தெரியும்னு சொன்னா அவ்ளோதாம்மா. அப்ப அந்த வார்த்த தெரியுமான்னு கேப்பாங்க. தெரியும்னா, சொல்லியிருப்பன்னுதான் முடிவு பண்ணுவாங்க. நான் சொல்லவே இல்லியே. சொல்லாத ஒண்ணுக்கு நான் எதுக்கு மாட்டணும்?"

"சொல்லலன்னா சொல்லலன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நம்ப மாட்டாங்கம்மா."

அந்த நேரத்தில் உன் நியாயம் எனக்குப் புரிந்தது. இருபத்துநாலு வயதில், காலே மூலதனமாக இருப்பவனுக்கு, தடை விதித்துவிட்டால் ஒரு வருடமே போய்விடும் என்ற பயம் இருக்கத்தான் செய்யும். வக்கீல் கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன், அவர் வேலையை அவர் செய்தார். ஆதாரம் போதவில்லை என்று புகாரைத் தள்ளினார்கள். புகார் சொல்லப்பட்டவருக்கு அந்த மொழியே தெரியாது என்பதையும் ஒரு காரணமாக அந்தத் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அப்பா அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தார். அந்த வரி வந்தபோது நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அழுகை வந்தது. பொய் சொல்லிவிட்டாய் என்பதற்காக மட்டும் இல்லை. உனக்கும் எனக்கும் மட்டும் என்று இருந்த ஒன்றை நீ யாரோ முன்பின் தெரியாதவர்கள் முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டாய். அதுவும் உண்மையைக் காப்பாற்றுவதற்காக.

அதற்குப் பிறகு அவர்கள் அணி உன் கிளப் இருந்த ஊருக்கு ஆட வந்தது. அந்த ஆட்டத்தை நீ மறக்க விரும்புவாய், ஆனால் நான் எழுதித்தான் ஆக வேண்டும். யாகூபாவின் காலுக்குப் பந்து போகும்போதெல்லாம் உங்கள் ரசிகர்கள் 'சேஞ்ச், சேஞ்ச்' என்று கத்தினார்கள். முதலில் ஒரு மூலையில் சிலர், அப்புறம் அரங்கத்தில் பாதிப் பேர். சிரித்துக்கொண்டே கத்தினார்கள். யாரும் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, சாதாரண இங்கிலீஷ் வார்த்தைதானே! நீ சொன்னது எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி, அன்றைக்கு அது அந்த வார்த்தையாகவே ஆகிவிட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டு ஆடினாய். ஒரு முறை கேமரா உன் முகத்தைக் கிட்டத்தில் காட்டியது. அப்பா ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். உன் ஆட்டத்தைப் பாதியில் அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

இனி உனக்குத் தெரியாதது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், தேன்மொழி போன் பண்ணினாள். நம்மிடம் டியூஷன் படித்த பெண், இப்போது பீச்சுக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். "மேடம், இங்க ஒரு கெஸ்ட் வந்திருக்காரு. ஐவரி கோஸ்ட்காரரு, ஃபுட்பால் பிளேயரு. இங்க யுனிவர்சிட்டில படிக்கிற ஃபிரெண்ட பாக்க வந்தாராம். நான் பிரெஞ்சு பேசுனதும், நல்லா பேசறியே, எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாரு. உங்க பேர சொல்லி, இளங்கோவோட அம்மான்னும் சொல்லிட்டேன் மேடம். அவரு யாருன்னு அப்புறந்தான் தெரிஞ்சிது. இப்ப உங்கள பாக்க முடியுமான்னு கேக்கறாரு. இன்னா சொல்லட்டும்?" வரச் சொல்லு என்றேன். சொல்லிவிட்டு, பெஞ்சைத் துடைத்துப் போட்டேன். அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

ஆட்டோவிலிருந்து அவர் இறங்கியபோது நம் தெருவே எட்டிப் பார்த்தது. டிவியில் பார்த்ததைவிட உயரம். வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நான் காட்டிய நாற்காலியில் உட்காராமல் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரில் ஒட்டியிருக்கும் பிரெஞ்சு வினைச்சொல் அட்டவணையைக் கொஞ்ச நேரம் படித்தார். அப்புறம் பேசினார். பிரெஞ்சில்தான் பேசினோம், உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"சண்டை போட வரவில்லை, மதாம். எங்கள் கோச் உங்கள் மகனை எங்கள் கிளப்புக்கு எடுக்க நினைக்கிறார். முதலில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ வேண்டாம் என்றால் எடுக்க மாட்டேன் என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்தது நண்பனைப் பார்க்கத்தான். ஆனால் அந்தப் பெண் உங்களைப் பற்றிச் சொன்ன பிறகு, கேட்காமல் போக முடியவில்லை. உங்கள் மகனுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

இளங்கோ, அந்தக் கேள்வி வந்த நேரத்தை யோசித்துப்பார். உன் ஒப்பந்தம் முடிந்துபோய், எந்த கிளப்பும் கூப்பிடாமல் நீ வெளியூரில் இருந்த நேரம் அது. ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தெரியாது என்று நான் சொன்னால் உனக்கு இடம் கிடைக்கலாம். கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்றும் சொல்லலாம், அது பாதிப் பொய்தானே என்று மனசு கணக்குப் போட்டது. எதிரே சுவர் முழுக்க என் கையால் எழுதிய பிரெஞ்சு. அந்த மொழியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டு, என் மகனுக்கு அது தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? "தெரியும்" என்றேன். "நன்றாகவே தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வார்த்தையும் தெரியும். சின்ன வயதில் அவனை நானே அப்படித்தான் கூப்பிடுவேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. "அம்மா கூப்பிடுவது வேறு" என்றார், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து உன் அப்பா பையோடு உள்ளே வந்தார். வாசலில் கிடந்த பெரிய செருப்பைப் பார்த்துக்கொண்டே வந்தவர், பெஞ்சில் இருப்பவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "இவுரு... இவுருதான?" என்றார் என்னிடம். ஆமாம் என்றேன். பையைக் கீழே வைத்தார். என்ன செய்வது என்று தெரியாமல், "டீ சாப்புடுவாரான்னு கேளு" என்றார்.

நான் டீ போட்டுக்கொண்டு வரும்போது யாகூபா என்னிடம் கேட்டார், "உங்கள் மகன் தான் சொன்னதாகச் சொல்லும் அந்த வார்த்தையை இவரைச் சொல்லச் சொல்லுங்கள். மைதானத்தில் கத்துவதுபோல." நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா முதலில் தயங்கினார். அப்புறம் எழுந்து நின்று, நீ சின்னப் பிள்ளையில் ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்று கத்துவாரே, அந்தக் குரலில், கையை ஆட்டி "சேஞ்சு! சேஞ்சு!" என்றார். யாகூபா கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை என்றார். அப்பா இன்னொரு முறை கத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அப்பாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "அவன் இதத்தான் சொன்னான்னு சொல்லு இவுருகிட்ட. எம் புள்ள அப்படியெல்லாம் சொல்றவன் இல்லன்னு சொல்லு" என்றார் என்னைப் பார்த்து. நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன்.

யாகூபா கண்ணைத் திறந்தார். "இதுவாக இருக்கலாம். நான் கேட்டதாகவும் இருக்கலாம். இப்போது எனக்கே தெரியவில்லை" என்றார். அப்புறம் நான் கேட்காமலே சொன்னார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவரைப் பார்த்து என்னென்னவோ கத்தியிருக்கிறார்களாம். ஒரு ஊரில் வாழைப்பழத் தோல் வந்து விழுந்ததாம். இன்னொரு ஊரில் வாடகைக்கு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆளைப் பார்த்ததும் இல்லை என்றார்களாம். எதற்கும் அவர் புகார் கொடுத்ததில்லை. "உங்கள் மொழிகளில் கத்தினால் புரியாததுபோல் இருந்துவிடலாம், மதாம். புரியாதவனை யாரும் அவமானப்படுத்த முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு அது என் மொழியில் வந்தது. புரியாததுபோல் இருக்க முடியவில்லை." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "மறுநாள் உங்கள் மகன் என்னிடம் வந்து, நான் சொன்னது அது இல்லை, இது என்று பிரெஞ்சில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். புகாரைத் திரும்ப வாங்கியிருப்பேன். அந்த மொழியே தெரியாது என்று அவன் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது, ஒருவேளை நான்தான் இல்லாத ஒன்றைக் கேட்கிறேனோ, எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்று பல நாள் யோசித்தேன்."

அதைத்தான் நான் உனக்குச் சொல்ல நினைத்தேன், இளங்கோ. ஒரு மனுஷனைத் தன் காதையே சந்தேகப்பட வைத்தது நீ கத்திய வார்த்தை இல்லை, அதற்குப் பிறகு சொன்ன வார்த்தை. சொல்லாத ஒன்றுக்காக நீ அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்வதும் பொய்தான். ஆனால் 'பிரெஞ்சு தெரியாது' என்று நீ சொன்னது நடந்த விஷயம். அது உன்னுடையது. உன் உண்மையை நிரூபிக்க முடியாமல் போயிருக்கலாம், தடைகூட வந்திருக்கலாம். அப்போதும் அது முழு உண்மையாக இருந்திருக்கும். இப்போது நீ சொல்லும் உண்மையைக்கூட நம்ப முடியாமல் ஒருவர் நம் வீட்டில் உட்கார்ந்து, உன் அப்பாவைக் கத்தச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. தனியாக நிற்கும்போது பயத்தில் ஒருவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், அதை வைத்து உன்னை எடைபோட மாட்டேன். பயம் போன பிறகு என்ன செய்கிறாய் என்றுதான் பார்ப்பேன்.

அவர் கிளம்பும்போது அப்பா தெருமுனை வரைக்கும் கூடப் போய் ஆட்டோ பிடித்துக்கொடுத்தார். வழியில், பழைய ஆட்டம் ஒன்றில் அவர் போட்ட கோலைப் பற்றி அரைகுறை இங்கிலீஷில் பேசினாராம். அவரும் சிரித்தாராம். அதற்கு முன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே யாகூபா என்னிடம் சொன்னதுதான் நான் இதை எழுதக் காரணம். "கோச்சிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன். நல்ல டிஃபென்டர், வரட்டும். பந்து கொடுப்பேன், வாங்குவேன். ஆனால் அவனிடம் நான் இங்கிலீஷில் பேச மாட்டேன். முதல் நாளிலிருந்து பிரெஞ்சில்தான் பேசுவேன், எல்லார் முன்னாலும்." அடுத்த வாரம் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது உனக்கு அந்த கிளப்பிலிருந்து போன் வந்தது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். "அங்க அவனும் இருக்கான்மா. பரவால்ல, பாத்துக்கலாம்" என்றாய். நான் சாப்பாடு எடுத்துவைக்கப் போய்விட்டேன்.

அவர் உனக்கு இடம் கொடுத்தார், அதனால் நன்றியோடு இரு என்று சொல்ல வரவில்லை. உன் ஆட்டத்துக்காகத்தான் அவர்கள் எடுத்தார்கள். திங்கட்கிழமை அவர் உன் பக்கம் திரும்பி ஏதாவது கேட்பார். பயணம் எப்படி இருந்தது என்று கேட்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்கலாம். அந்த அறையில் எல்லாருக்கும் விசாரணையும் தீர்ப்பும் தெரியும். நீ பதில் சொன்னால், விசாரணைக் குழுவின் முன்னால் நீ சொன்னது பொய் என்று அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். யாராவது வெளியே சொல்வார்கள், திரும்ப விசாரிப்பார்கள், மறுபடி தடை என்ற பேச்சு வரும். இதெல்லாம் யோசிக்காமல் நான் எழுதவில்லை. வந்தால் வரட்டும், வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். எத்தனை நாள் ஆனாலும் நீ இந்த ஹாலில் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

அவர் கேட்டதும் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காதே, புரியாததுபோல் சிரிக்காதே. பதில் சொல். பிரெஞ்சிலேயே சொல். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதே, அது சரியாகத்தான் இருக்கும். சொல்லிக்கொடுத்தது நான்.

அம்மா